பழச்சர்க்கரை

பழச்சர்க்கரை அல்லது புருக்டோசு என்பது பழங்களிலும் தேனிலும் இயற்கையாகக் காணப்படும் ஓர் ஒற்றைச்சர்க்கரை ஆகும். 1847 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் டுப்ரன்ஃபோ இதனைக் கண்டறிந்தார். குளுக்கோசும் இதுவும் ஒரே மூலக்கூற்று வாய்பாட்டைக் கொண்டவை. அமைப்பில் மட்டும் வேறுபடுகின்றன. இவ்விரண்டிலும் ஒவ்வொரு மூலக்கூறு இணைந்து உருவானதே நாம் அன்றாடம் பயன்படுத்தும் சீனி (சுக்குரோசு).

உடலில் நிகழ்வது

குளுக்கோசை உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் எரிபொருளாகக் கொள்கின்றன. இரத்தத்தில் அது மிகும்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. பழச்சர்க்கரையோ பெரும்பாலும் சிறுகுடலிலும் கல்லீரலிலுமே மாற்றமடைகிறது. இரத்தக் குளுக்கோசைச் சிறிதளவே உயர்த்துகிறது. இதனால் ஒரு காலத்தில் நீரிழிவு நோயாளருக்கு ஏற்ற இனிப்பாகக் கருதப்பட்டு விற்கப்பட்டது.

அக்கருத்து முழுமையானதன்று. கல்லீரலில் குளுக்கோசு சிதைவடையும் வேகத்தை ஒரு நொதி கட்டுப்படுத்துகிறது. பழச்சர்க்கரை அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டி உள்நுழைவதால், மிகுதியாக உட்கொள்ளும்போது கொழுப்பாக மாறுவது எளிதாகிறது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு உயர்தல், கல்லீரலில் கொழுப்புப் படிதல், யூரிக் அமிலம் மிகுதல் ஆகியன இதனோடு தொடர்புடையவை. எனினும் உடலின் தேவைக்கு மேல் ஆற்றல் சேரும்போதே இவ்விளைவுகள் தெளிவாகத் தென்படுகின்றன.

பழமும் பானமும்

நடுத்தர அளவுள்ள ஓர் ஆப்பிளில் ஏறத்தாழ 10 கிராம் பழச்சர்க்கரை உண்டு. அது நார்ச்சத்தோடும் நீரோடும் மெல்ல உட்செல்கிறது. மூன்று ஆப்பிள்களை ஒரே வேளையில் உண்பவர் அரிது. அதே அளவு பழச்சர்க்கரையை இனிப்புப் பானமாகச் சில நிமிடங்களில் குடித்துவிடலாம். உலக சுகாதார அமைப்பு 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தனிச்சர்க்கரைகளை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக வைக்கப் பரிந்துரைக்கிறது. தேனும் பழச்சாறும் இக்கணக்கில் சேரும். முழுப் பழம் சேராது.

அமெரிக்கப் பானங்களில் பயன்படும் சோளப்பாகில் பழச்சர்க்கரை 55 விழுக்காடு. சீனியில் அது பாதி. ஆகவே பாகைப் பழித்துச் சீனியைப் புகழ்வதில் பொருளில்லை. நம்மூரில் நீரிழிவுக்கு நல்லதென்று சொல்லப்படும் கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்குரோசே.

பிறவிக் குறைபாடு

அல்டோலேசு-பி என்னும் நொதி பிறவியிலேயே குறைவுற்றவர்களுக்குப் பழச்சர்க்கரை நஞ்சாகிறது. தாய்ப்பாலில் உள்ளது லாக்டோசு என்பதால், அதை மட்டுமே குடிக்கும் வரை குழந்தை நலமாகவே இருக்கும். பழக்கூழோ சீனியோ தேனோ கொடுக்கத் தொடங்கியதும் வாந்தி, இரத்தச் சர்க்கரைத் தாழ்வு, மஞ்சள் காமாலை ஆகியன தோன்றும். காரணம் அறியாது தொடர்ந்து கொடுத்தால் கல்லீரலும் சிறுநீரகமும் பழுதடைந்து உயிரிழப்பு நேரலாம். பழச்சர்க்கரை, சீனி, சோர்பிட்டால் மூன்றையும் அறவே நீக்குவதே சிகிச்சை. நீர்ம மருந்துகள் பலவற்றில் சீனியோ சோர்பிட்டாலோ சேர்க்கப்படுவதால் அவற்றிலும் கவனம் தேவை. இக்குறைபாடுள்ள பிள்ளைகள் பலர் தாமாகவே இனிப்பை வெறுத்து ஒதுக்குவர். அவர்களுக்குப் பற்சொத்தை பெரும்பாலும் இருப்பதில்லை.