கான்டனின் நகல் ஓவியர்கள்

தென்சீனத் துறைமுகமான கான்டனில், அதாவது இன்றைய குவாங்சோவில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஐரோப்பிய ஓவியங்களைக் கையால் நகலெடுத்து விற்கும் தொழில் செழித்திருந்தது. 1757இல் சிங் பேரரசு மேற்கத்தியக் கடல் வணிகத்தை இந்த ஒரே துறைமுகத்துக்குள் அடக்கியதுதான் அதற்கு வித்து. ஆங்கிலேயர், டச்சுக்காரர், டேனியர், பின்னால் வந்த அமெரிக்கர் எல்லோரும் முத்து ஆற்றங்கரையில் ‘பதின்மூன்று பண்டகசாலைகள்’ எனப்பட்ட வாடகைக் கட்டடங்களில்தான் தங்க வேண்டும். வணிகப் பருவம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். வெளிநாட்டுப் பெண்களுக்கு அங்கே அனுமதியே கிடையாது. தேயிலையும் பட்டும் பீங்கானும் கப்பலேறும்வரை காத்திருந்த வணிகர்களும் மாலுமிகளும் ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது தேடினார்கள். பண்டகசாலைகளை ஒட்டிய தெருக்களில் ஓவியப் பட்டறைகள் பெருகின.

தொடக்கத்தில் பட்டறைகளுக்கு மூலமாக இருந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய அச்சுப்படங்கள். கறுப்பு வெள்ளையில் வந்த அச்சைப் பார்த்து, வண்ணத்தை ஓவியரே தீர்மானித்துக் கித்தானிலோ கண்ணாடியிலோ தைலவண்ணத்தில் தீட்டினார். கண்ணாடி வேலை கடினமானது. பின்புறத்தில் வரைந்து முன்புறத்திலிருந்து பார்ப்பதால், வழக்கமாகக் கடைசியில் வைக்கும் கண்ணின் ஒளிப்புள்ளியை முதலில் வைக்க வேண்டும். பின்னணி கடைசியில் வரும். ஒரு கோடு தவறினாலும் மேலே பூசி மறைக்க வழியில்லை. இந்தியாவில் கண்ணாடி ஓவியம் வேரூன்றியதற்கும் சீன வணிகத் தொடர்பையே கலை வரலாற்றாசிரியர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களும் அந்த மரபில் வந்தவையே.

இந்த நகல்களின் தரம் ஒருமுறை நீதிமன்றம்வரை போனது. அமெரிக்க ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் தீட்டிய ஜார்ஜ் வாஷிங்டன் உருவப்படம் ஒன்றை வாங்கிய சோர்ட் என்ற கப்பல் தலைவர், அதைக் கான்டனுக்கு எடுத்துச் சென்று சுமார் நூறு நகல்கள் தீட்டச் செய்து பிலடெல்ஃபியாவில் விற்கத் தொடங்கினார். 1802இல் ஸ்டூவர்ட் வழக்குத் தொடுத்து விற்பனைக்குத் தடை வாங்கினார். மூல ஓவியரின் பிழைப்பையே அசைக்கும் அளவுக்கு நகல் நன்றாக இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தொழிலின் உச்சம் கான்டன் ஓவியர் லாம்குவாவின் காலம். அவருடைய இயற்பெயர் குவான் சியாவ்சாங். அவர் கற்ற பாணி ஜார்ஜ் சின்னரி என்ற ஆங்கிலேயருடையது. சின்னரி 1802இல் சென்னைக்கு வந்து சில ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் உருவங்களைத் தீட்டியவர். பிறகு கல்கத்தாவில் கடன் பெருகவே, 1825இல் மக்காவுக்குப் போய் 1852இல் அங்கேயே இறந்தார். லாம்குவா தம் மாணவர் என்பதைச் சின்னரி மறுத்தார். இரண்டு பேரின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த மறுப்பை ஏற்பது கடினம். சின்னரியைவிட மிகக் குறைந்த கூலிக்கு லாம்குவா உருவப்படம் தீட்டிக் கொடுத்தார். 1830களில் அவருடைய பட்டறையைப் பார்த்த ஆங்கில மருத்துவர் டௌனிங், கீழே கடையும் அதன் மேல்தளத்தில் நகலெடுக்கும் பணியாட்களும் உச்சியில் லாம்குவாவின் சொந்த அறையுமாக இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அதே லாம்குவாதான் 1836 முதல் அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கருக்காகப் பெருங்கட்டிகளோடு வந்த நோயாளிகளைத் தைலவண்ணத்தில் பதிவு செய்தார். அவற்றில் 80க்கும் மேற்பட்டவை யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அந்த முகங்களில் உள்ள அமைதியைப் பார்த்த பிறகு அவரை ‘வெறும் நகல்காரர்’ என்று தள்ளிவிட முடியாது.

பட்டறைகளில் அதிகம் விற்றவை துறைமுகக் காட்சிகள். மக்காவின் கடற்கரை வளைவு, முத்து ஆற்றின் முகத்துவாரக் கோட்டைகள், வாம்போவாவில் நங்கூரமிட்ட கப்பல்கள், கான்டன் பண்டகசாலைகள் ஆகிய நான்கையும் ஒரே தொகுதியாக வாங்குவது வழக்கம். ஒரே மாதிரியைப் பட்டறைகள் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தீட்டின. அதனால் படம் எந்த ஆண்டின் காட்சி என்பதும் எந்த ஆண்டில் தீட்டப்பட்டது என்பதும் வேறாக இருக்கலாம். பண்டகசாலைகளின் முன் பறக்கும் கொடிகள், 1847க்குப் பின் தோட்டத்தில் தெரியும் தேவாலயம் போன்ற அடையாளங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். 1856இல் பண்டகசாலைகள் முற்றாக எரிந்துபோயின. இன்று அவற்றின் தோற்றம் நமக்குத் தெரிகிறது என்றால் பெரிதும் இந்த நகல் ஓவியர்களால்தான்.

அபினிப் போருக்குப் பின் வணிகம் ஹாங்காங்குக்கு நகர்ந்தது, ஓவியர்களும் நகர்ந்தார்கள். புகைப்படம் வந்ததும் அதையே மூலமாக்கிக்கொண்டார்கள். 1870களின் தொடக்கத்தில் ஜான் தாம்சன் என்ற புகைப்படக் கலைஞர் கண்ட பட்டறைகளில், கட்டம் கீறிய கண்ணாடியைப் புகைப்படத்தின் மேல் வைத்து, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் கித்தானில் வரைந்தார்கள். உடலும் கைகளும் பயிற்சியாளரின் பங்கு, முகம் ஆசானின் பங்கு. துறைமுகத்தில் நிற்கும் மாலுமிகளிடம் மாதிரிப் படங்களைக் காட்டி ஆர்டர் பிடித்துவர ஆள் இருந்தார். சட்டமிட்ட படம் ஒரே நாளில் கப்பலுக்குப் போய்விடும்.

இதே நகல் தொழில் நம் காலத்தில் மீண்டும் தலையெடுத்தது. 1989இல் ஹாங்காங் ஓவிய வணிகர் ஹுவாங் ஜியாங், எல்லைக்கு அப்பால் ஷென்சென் நகரத்தின் டாஃபென் கிராமத்தில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, சில ஓவியர்களுடன் பட்டறை தொடங்கினார். பின்னாளில் ஆயிரக்கணக்கான ஓவியர்கள் அங்கே குடியேறினார்கள். வான்கோ முதல் 19ஆம் நூற்றாண்டுக் கடற்காட்சிகள்வரை கேட்டதை எல்லாம் கையால் தீட்டி அனுப்பும் ஊராக அது மாறியது. அங்கும் பல கித்தான்களை வரிசையாக மாட்டி, எல்லாவற்றிலும் ஒரே பகுதியைத் தீட்டிக்கொண்டே போனார்கள்.

கான்டன் படங்களின் சிறந்த தொகுதிகள் அமெரிக்காவின் சேலம் நகரிலுள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்திலும் ஹாங்காங் கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. லாம்குவா, ஸ்பாய்லம், சுன்குவா, யூகுவா எனச் சில பெயர்களைத் தவிர, பெரும்பாலானவற்றை வரைந்தவரின் பெயர் பதிவாகவில்லை.