வேலியை விட உரிமை பெரிது

இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்ஷயரில் பேர்க்கம்ஸ்டெட் என்றொரு பழைய சந்தை நகரம். 1066இல் சக்சன் தலைவர்கள் வில்லியமுக்குப் பணிந்தது இங்கேதான். பிறகு எழுந்த கோட்டையின் சிதைந்த மதில்கள் ரயில் நிலையத்துக்கு அருகே இன்றும் நிற்கின்றன.

எனக்கோ கோட்டையை விட, ஊரை ஒட்டிய பொது மேய்ச்சல் நிலத்தின் கதைதான் பெரிது. ஆடு மாடு மேய்க்கவும் புதர் வெட்டவும் ஊராருக்குத் தலைமுறை தலைமுறையாக அங்கே பாத்தியதை இருந்தது. 1866இல் பிரவுன்லோ பிரபு அதில் சுமார் 430 ஏக்கரை இரும்பு வேலியால் அடைத்துவிட்டார்.

அங்கே பாத்தியதையுள்ள அகஸ்டஸ் ஸ்மித் துணிந்தார். மார்ச் 6ஆம் திகதி இரவு, லண்டனிலிருந்து ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கூலியாட்கள் வந்திறங்கினர். விடிவதற்குள் வேலியைக் கழற்றிக் கம்பிகளைக் குவித்துவிட்டார்கள். காலையில் ஊரே அங்கு திரண்டது.

பிரபு வழக்குப் போட்டார். ஸ்மித்தும் எதிர்வழக்குப் போட்டார். 1870இல் தீர்ப்பு ஸ்மித்தின் பக்கம் வந்தது. அந்தப் பசுமையில் மக்கள் இன்றும் உலாவுகிறார்கள்.

பொதுநிலம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று வகுப்பில் பிள்ளைகள் சொல்வதுண்டு. இல்லை பிள்ளைகளே, அது எல்லோருக்கும் பாத்தியதையுள்ள நிலம். வேலி போடுபவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும், ஊர் கேட்கத்தான் வேண்டும்.