யாழ்ப்பாணக் குடாநாடும் குடியேற்ற முரண்பாடும்

இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அரச காணிகளில் வெளி மாவட்டத்தவர் குடியமர்த்தப்பட்டதால் எழுந்த தமிழ், சிங்கள முரண்பாடு முக்கால் நூற்றாண்டாக யாழ்ப்பாணத்து அரசியலின் நடுப்புள்ளியாக இருந்து வருகிறது. ஆனால் பெருங் குடியேற்றத் திட்டம் எதுவும் குடாநாட்டுக்குள் நடந்ததில்லை. நிலம் கைமாறியது கிழக்கின் கல்லோயாவிலும் கந்தளாயிலும், வடக்கின் மணலாற்றிலும். அதை எதிர்த்து எழுந்த கட்சிகளும் இயக்கங்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் உருவானவை.

குடாநாடு தப்பியதற்கு அதன் நிலமே முதற்காரணம். சுமார் 1000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தச் சுண்ணக்கல் தரையில் வற்றாத ஆறு கிடையாது. கிணற்றை நம்பிய தோட்டக் காணிகள் தலைமுறைதோறும் துண்டாடப்பட்டு வந்தவை. குளம் கட்டி ஆயிரக்கணக்கான குடும்பங்களை இருத்த இங்கே அரச காணி இல்லை. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் வெளியாருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது என்ற நம்பிக்கை தென்னிலங்கையில் பரவலாக உண்டு. அது சரியன்று. கூட்டுடைமையாளருக்கும் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் காணியை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமையைத்தான் சட்டம் தருகிறது. அவர்கள் வேண்டாமென்றால் யாரும் வாங்கலாம்.

யாழ்ப்பாண நகரில் சிங்களவர் நெடுங்காலம் வாழ்ந்தனர். வெதுப்பகம் நடத்துவோர், வியாபாரிகள், அரச ஊழியர் என்று வந்த அவர்களுக்கென நகரில் நாக விகாரையும் சிங்கள மகா வித்தியாலயமும் இருந்தன. 1971 குடிசனக் கணக்கெடுப்பு மாவட்டத்தில் சுமார் 20,000 சிங்களவரைக் காட்டியது. 1977 இனக் கலவரத்தின் பின்னர் எடுக்கப்பட்ட 1981 கணக்கெடுப்பில் அத்தொகை 5,000 க்கும் கீழே இறங்கியது. வயலும் குளமும் கேட்டு வராத அந்தச் சமூகத்தோடு யாழ்ப்பாணத்தவருக்குக் காணித் தகராறு இருந்ததில்லை.

குடியேற்றத் தகராறின் வேர் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தில் இருக்கிறது. அப்போதைய விவசாய, காணி அமைச்சர் டி.எஸ். சேனநாயக்க, ஈரவலயத்தில் நெருக்குண்ட காணியற்ற விவசாயிகளை வரண்ட வலயத்தின் பாழடைந்த குளங்களருகே இருத்த விரும்பினார். பண்டைய நீர்ப்பாசன நாகரிகத்தை மீட்பதாகச் சிங்களத் தரப்பு இதைக் கண்டது. தங்கள் பாரம்பரிய நிலத்தின் இனப்பரம்பலை மாற்றும் முயற்சியாகத் தமிழர் கண்டனர். காணியற்றோரின் தேவை பொய்யன்று. ஆனாலும் விளைவுகள் தமிழரின் அச்சத்தையே உறுதிசெய்தன. திருகோணமலை மாவட்டத்தில் 1921 இல் ஐந்து வீதத்துக்கும் குறைவாக இருந்த சிங்களவர், கந்தளாய், அல்லைத் திட்டங்களுக்குப் பிறகு 1981 இல் மூன்றிலொரு பங்கானார்கள். கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது. அது அமைந்த அம்பாறை 1961 இல் தனி மாவட்டமாயிற்று. இந்த வாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் தரப்பு வேடர். கல்லோயாவிலும் பின்னர் மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்திலும் காடிழந்த ஆதிக்குடிகள் அவர்களே.

எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, குடியேற்ற எதிர்ப்பை ஆரம்பத்திலிருந்தே முன்வைத்தது. 1956 யூனில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தையொட்டிக் கல்லோயாவில் குடியேற்றவாசிகளும் திட்டத் தொழிலாளரும் தமிழரைத் தாக்கினர். 1957 யூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவுக்கும் செல்வநாயகத்துக்கும் இடையில் கையெழுத்தான பண்டா–செல்வா ஒப்பந்தம், குடியேற்றத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குத் தருவதாக இருந்தது. 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்க அதைக் கைவிட்டார், அடுத்த மாதமே நாடெங்கும் கலவரம். பிரதமர் டட்லி சேனநாயக்கவுடனான 1965 இன் டட்லி–செல்வா உடன்பாடு முன்னுரிமையை வரிசைப்படுத்தியது: முதலில் மாவட்டத்தின் காணியற்றோர், பிறகு வடக்கு கிழக்கின் தமிழ் பேசுவோர், அதன் பின்னரே ஏனையோர். அதுவும் காகிதத்தில் நின்றது.

வடமாகாணத்தில் முரண்பாடு இரத்தமாக ஓடிய இடம் மணலாறு. முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, அநுராதபுரம் மாவட்டங்கள் சந்திக்கும் இந்நிலம் வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் கழுத்துப் போன்றது. இங்கிருந்த கென்ற், டொலர் பண்ணைகளில் 1977 கலவரத்தில் அகதிகளான மலையகத் தமிழர் குடியமர்ந்திருந்தனர். 1984 இல் அவர்கள் வெளியேற்றப்பட்டுச் சிங்களக் கைதிகள் குடும்பத்தோடு கொண்டுவரப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று, அரசுடன் போரிட்ட விடுதலைப் புலிகள் இரு பண்ணைகளையும் தாக்கிப் பெண்கள், குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்றனர். அடுத்து வந்த நாட்களில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர் படையினரால் விரட்டப்பட்டனர். போர் முடியும் வரை அவர்களால் ஊர் திரும்ப முடியவில்லை. 1988 இல் இப்பகுதி மகாவலித் திட்டத்தின் 'எல்' வலயமாக, வெலிஓயா என்ற பெயரில் வர்த்தமானியில் வெளியாயிற்று.

குடாநாட்டாரும் குடியேறிகளாக இருந்திருக்கிறார்கள். இரணைமடுக் குளத்தை அண்டி 1930களில் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றங்களிலும், பின்னர் வட்டக்கச்சி, முத்தையன்கட்டு, விசுவமடுத் திட்டங்களிலும் காணி பெற்றோரில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தவர். 1970களில் இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைபோனபோது இந்தக் காணிகள் செழித்தன. அவற்றில் கூலிக்கு உழைத்தவர்களில் மலையகத்திலிருந்து வந்த காணியற்ற தமிழரும் ஏராளம். ஒரே மொழி பேசியும் இரு சாராருக்குமிடையே இருந்த இந்த இடைவெளியைத் தமிழ்த் தேசிய எழுத்துகள் குறைவாகவே பேசியுள்ளன.

1990 ஒக்டோபரில் நடந்தது வேறு வகை. யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். வடமாகாணம் முழுவதுமாகச் சுமார் 70,000 பேர் புத்தளத்துக்கும் வேறிடங்களுக்கும் அகதிகளாயினர். மண்ணின் மைந்தர் யார் என்பதைத் துப்பாக்கி வைத்திருந்தவர் தீர்மானித்த நிகழ்வு இது. இலங்கை இன முரண்பாட்டின் வரலாற்றில் இதற்கு எந்த நியாயமும் எடுபடவில்லை.

போர் 2009 இல் முடிந்தபின் பிரச்சினை குடாநாட்டுக்குள்ளேயே நுழைந்தது. 2010 ஒக்டோபரில், 1983 க்கு முன் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்ததாகக் கூறிய நூற்றுக்கு மேற்பட்ட சிங்களக் குடும்பங்கள் ரயில் ஓடாத யாழ்ப்பாண நிலையத்தில் தங்கி மீள்குடியேற்றம் கேட்டன. பின்னர் நாவற்குழியில் தேசிய வீடமைப்பு அதிகாரசபைக் காணியில் குடியமர்ந்தன. அங்கே பின்னர் ஒரு விகாரையும் எழுந்தது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்தில் காணி இழந்தோர் தவணை தவணையாகத் திரும்பிய காலத்தில், தையிட்டியில் தனியார் காணியில் திஸ்ஸ விகாரை கட்டப்பட்டது. 2023 முதல் அங்கே போயா நாட்களில் எதிர்ப்புப் போராட்டம் நடந்து வருகிறது. கடலும் விலக்கல்ல. 2018 இல் வடமராட்சி கிழக்குக் கரையில் வாடி அமைத்துக் கடலட்டை பிடித்த தென்பகுதி மீனவருக்கு எதிராக உள்ளூர் மீனவர் கிளர்ந்தனர்.

காணி யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்பது இன்னும் தெளியவில்லை. 1987 இன் 13 ஆவது திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலில் சேர்த்தாலும், அதில் சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. அரச காணி மத்திய அரசுக்கே உரியது என்று உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் வடக்கின் சுமார் 5,900 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் ஆவணம் காட்ட வேண்டும் என்று வர்த்தமானி வெளியானது. போரிலும் இடப்பெயர்விலும் உறுதிகளைத் தொலைத்தவர்களுக்கு அது இயலாத காரியம். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததை அடுத்து அரசாங்கம் அந்த அறிவித்தலை மீளப்பெற்றது.