மணல் முதல் கைப்பேசி வரை

 

"எங்க காலத்துல ஏது கம்ப்யூட்டர்? சிலேட்டும் குச்சியுந்தான்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "இப்ப எல்லாந்தான் இருக்கு, ஆனா பிள்ளைங்க படிக்க மாட்டேங்குதே" என்று அவர்களே அலுத்துக்கொள்வதையும் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் பாடம் பிள்ளையின் மனத்தில் ஒட்டுவது எதனால்? கருவியாலா, வேறொன்றாலா? வகுப்பறைக் கருவிகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

மணலில் பிறந்த புதுமை

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் முதல் கருவி மணல். தரையில் மணலைப் பரப்பி, விரலால் 'அ' எழுதி, வாயால் உரக்கச் சொல்வான் பையன். காசு செலவில்லை. தப்பாக எழுதினால் கையால் ஒரு தடவு தடவி மறுபடி எழுதலாம்.

இதை ஒரு வெள்ளைக்காரர் கண்டு வியந்தார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அக்கம்பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல் சளைக்காமல், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனையே சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக்கினார். அவன் சொல்லிக் கொடுத்தான், அவர்கள் கற்றார்கள்! இதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார் பெல். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. நம் திண்ணை உலகுக்கே பாடம் சொன்னது என்றால் அது மிகையாகாது.

தோட்டத்துக் கொட்டகை

மலாயாவில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்போடு தொடங்கியது என்பர். அதன் இருநூறாம் ஆண்டை நாம் 2016இல் கொண்டாடினோம். தோட்டங்களில் பள்ளிகள் பெருகியது பின்னால்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்தது.

சட்டம் வந்தது, வசதி வரவில்லை. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஆளுக்கொரு சிலேட்டு. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். ஒருவரே எல்லா வகுப்புகளையும் பார்க்க வேண்டும். அங்கே அதிகம் பேசிய 'கருவி' ரோத்தான்! "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார்கள். ஆனால் அடிக்குப் பயந்து மனப்பாடம் செய்தது மறுநாளே மறந்துபோகும் என்பதை அடிபட்டவர்களே சொல்வார்கள்.

காற்றில் வந்த பாடம்

1946இல் ரேடியோ மலாயா பிறந்தது. பள்ளிகளுக்கென்று வானொலிப் பாடங்களும் ஒலித்தன. 1972 ஜூன் 19இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் பல தோட்டங்களில் மின்சார என்ஜின் மாலையில்தான் ஓடும், பள்ளி நடப்பதோ காலையில்! பெட்டி இருந்த இடத்திலும், அது பேசும், பிள்ளை வாய் மூடிப் பார்க்கும். "புரியலே சார்" என்று பெட்டியிடம் கேட்க முடியுமா?

1983இல் நாடு முழுவதும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் அதன் அடிப்படை. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். பின்தங்கியவருக்குக் குறைநீக்கல், முந்தியவருக்கு வளப்படுத்தல் என்று வேலை கொடுத்தார்கள். ஆசிரியர்கள் அட்டையை வெட்டி எழுத்து அட்டை செய்தார்கள். பால்மரத்துக் கொட்டையும் போத்தல் மூடியும் கூட்டல் கழித்தலுக்கு உதவின. செலவு கொஞ்சம். ஆனால் பிள்ளையின் கை மறுபடி வேலை செய்தது, மணலில் செய்தது போலவே!

கணினிக் காலம்

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் கிடைத்தன. அந்த மொழித் திட்டத்தைக் கைவிட 2009இல் அரசு முடிவு செய்தது. 2011இல் பள்ளிகளுக்கு இணையம் தரும் 1பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. அதில் இருந்த மெய்நிகர்க் கற்றல் தளத்தை மாணவர்கள் பயன்படுத்தியது மிகக் குறைவு என்று அரசாங்கக் கணக்காய்வு அறிக்கையே சுட்டிக் காட்டியது. 2019இல் அத்திட்டம் முடிந்தது. பெருந்தொகை செலவானாலும், பிள்ளையின் கைக்குச் சேராத கருவி ஏட்டுச் சுரைக்காய்தானே?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அப்பா வேலைக்குப் போனால் கைப்பேசியும் கூடவே போய்விடும். மாலையில் அவர் திரும்பிய பிறகுதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் பாடம். இது நம்மில் பலர் வீட்டுக் கதைதானே?

பெற்றோர்களே, சிந்தியுங்கள்

இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? மணலோ கைப்பேசியோ, பிள்ளை தானே எழுதி, தானே செய்து, தானே இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுத்தபோது பாடம் ஒட்டியது. வெறுமனே உட்கார்ந்து பார்த்தபோது நழுவியது. ஆகவே கைப்பேசி வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்ததென்று எண்ண வேண்டாம். கருவியே வேண்டாம் என்றும் ஒதுக்க வேண்டாம். அது இல்லாத பிள்ளை பின்தங்கியதை 2020இல் கண்ணால் கண்டோம். கருவி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வந்து குரல் கொடுங்கள்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். வேலை முடிந்து வந்ததும், "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அதை எனக்குச் சொல்லிக் குடு, பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்குப் படிப்பு குறைவாக இருக்கலாம், அதனால் பாதகமில்லை. நீங்கள் மாணவராக உட்கார்ந்தால் உங்கள் பிள்ளை ஆசிரியர் ஆகிவிடும். எட்டு வயதுப் பையனால் முடிந்தது உங்கள் பிள்ளையால் முடியாதா?

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு பெறுவோருக்கு வாழ்த்துகள். பெறாதோர் சோர வேண்டாம். தெரிந்ததைப் பக்கத்து நண்பனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு மேடையில் இருவரும் நிற்பீர்கள்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க மாணவர் செல்வம்!