ஆங்கிலத்தில் அறிதல் வினைகளும் சார்பு வாக்கியங்களும்

ஒருவன் ஒன்றை எண்ணினான் என்பதும் ஒன்றை அறிந்தான் என்பதும் ஒரு தன்மையன அல்ல. எண்ணியது பிழைபடலாம், அறிந்தது பிழைபடுதல் இல்லை, பிழைபடின் அஃது அறிதல் எனப் பெயர் பெறாது. இவ்வேறுபாட்டை மொழிகள் தத்தம் வாக்கிய அமைப்பில் வெவ்வேறு வகையாற் புலப்படுத்துகின்றன. ஆங்கிலம் இதனைப் புலப்படுத்தும் முறை கடந்த ஆயிரம் ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. அம்மாற்றத்தின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆங்கில நூல்களும் ஆவணங்களும் தமிழாக்கம் பெற்றுவரும் இந்நாளில், இவ்வாராய்ச்சி தமிழ் மாணவர்க்கும் வேண்டுவதொன்றேயாம்.

இன்றைய ஆங்கிலத்தில் 'நோ' என்னும் ஒரு வினையே மூன்று பொருளில் வழங்குகின்றது. ஓர் ஆளையோ ஊரையோ அறிதல் ஒன்று. 'தட்' என்னும் இணைப்புச்சொல்லால் தொடங்கும் சார்பு வாக்கியத்தின் வாயிலாக ஒரு செய்தியை அறிதல் மற்றொன்று. 'ஹௌ' என்னும் சொல்லோடு கூடி ஒரு தொழிலைச் செய்யும் முறையை அறிதல் மூன்றாவது. இம்மூன்றும் தொடக்கத்தில் ஒரே வினையின்பால் அமைந்தன அல்ல.

பழைய ஆங்கிலம் எனப்படும் காலப்பகுதியில் அறிதற்பொருள் குறித்துச் சிறப்பாக மூன்று வினைகள் வழங்கின. 'விட்டன்' என்பது பெரும்பான்மையும் செய்தியை அறிதற்கு உரியது. சார்பு வாக்கியத்தை ஏற்று நின்றது இதுவே. 'க்னாவன்' என்பது கண்டு தெளிதல், இன்னதென அடையாளம் அறிதல் என்னும் பொருளது. முன்னொட்டு ஏற்றே பெரிதும் பயின்றது. 'குன்னன்' என்பது பழகி அறிதலையும் ஒன்றைச் செய்யக் கற்றிருத்தலையும் உணர்த்திற்று. பீட் என்னும் துறவியார் இலத்தீனில் எழுதிய திருச்சபை வரலாற்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில், கேட்மன் என்னும் பாவலன் தனக்குப் பாடத் தெரியாது என்று கூறுமிடத்து இக்'குன்னன்' வினையே வந்துள்ளது. இவற்றின் எல்லைகள் சில இடங்களில் ஒன்றனோடொன்று கலப்பினும், தொழிற்பாகுபாடு தெளிவாகவே இருந்தது.

இவற்றின் வேர்களை நோக்கின் இப்பாகுபாடு மேலும் விளங்கும். 'விட்டன்' என்பதன் வேர் காணுதற்பொருளது. இலத்தீனில் காணுதலைக் குறிக்கும் 'விதேரே', வடமொழியில் 'அறிகின்றேன்' எனப் பொருள்படும் 'வேத', கிரேக்கத்தில் அதே பொருள் தரும் 'ஒய்தா' ஆகியன இதற்கு இனமானவை. 'கண்டுள்ளேன், ஆகவே அறிவேன்' என்னும் முறையில், முற்றுப்பெற்ற காட்சியைக் குறித்த வடிவம் நிகழ்கால அறிவைக் குறிக்கலாயிற்று. மற்றை இரண்டும் வடமொழி 'ஜ்ஞா', கிரேக்கக் 'கிக்னோஸ்கோ' முதலியவற்றோடு உறவுடைய பிறிதொரு வேரினின்று தோன்றியவை. அவ்வேரின் ககர ஒலி இன்றைய 'நோ' வினையின் எழுத்தில் நின்றும் ஒலிப்பில் மறைந்துவிட்டது.

இனிச் சார்பு வாக்கியத்தின் தோற்றத்தைக் காண்போம். 'தட்' என்னும் இணைப்புச்சொல் முதற்கண் சுட்டுப்பெயரே. 'அதனை அறிவேன், அவன் வந்தான்' என இரு வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்க, முன்னதன் செயப்படுபொருளாகிய சுட்டு காலப்போக்கில் பின்னதன் தலையிற் சென்று சேர்ந்து இணைப்புச்சொல்லாயிற்று என்பது வரலாற்றிலக்கணத்தார் நெடுங்காலமாகக் கூறிவரும் விளக்கம். எழுத்துச் சான்றுகள் கிடைக்கும் காலத்திலேயே இம்மாற்றம் நிறைவெய்தியிருந்தது.

அக்காலச் சார்பு வாக்கியத்தில் கருதத்தக்க மற்றொரு கூறு, அதன் வினைவடிவமாகும். நிகழ்ந்ததை நிகழ்ந்ததாகவே கூறும் வடிவம் ஒன்றும், ஐயம், கருத்து, விழைவு ஆகியவற்றைக் கூறும் வடிவம் ஒன்றும் என இருவகை வடிவங்கள் பழைய ஆங்கில வினைகட்கு இருந்தன. அறிதல் வினையின் பின்வரும் சார்பு வாக்கியம் பெரும்பான்மை முன்னதை ஏற்றது. எண்ணுதல் வினையின் பின் இரண்டாவது வடிவம் பயின்று வந்தது. எனவே, கூறப்படும் செய்தி மெய்யென ஏற்கப்பட்டதா, ஒருவர் கருத்தளவில் நிற்பதா என்பதற்கான குறிப்பு, அவ்வாக்கியத்தின் விகுதியிலேயே ஓரளவு கிடைத்தது.

1066ஆம் ஆண்டின் நார்மன் வெற்றிக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் இரு மாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது, வினைவிகுதிகள் தேய்ந்து மேற்கூறிய இருவகை வடிவங்களும் பெரும்பாலான இடங்களில் வேறுபாடின்றி ஒன்றாயின. இரண்டாவது, 'விட்டன்' வினை மெல்ல மறைய, 'க்னாவன்' வழிவந்த 'நோ' அதன் இடத்தைக் கைக்கொண்டது. 'குன்னன்' வினையோ ஆற்றலைக் குறிக்கும் 'கேன்' என்னும் துணைவினையாயிற்று. துணைவினையாய்ச் சுருங்கிய அச்சொல்லால் 'முறை அறிதல்' என்னும் பழம்பொருளை இனிது உணர்த்த இயலாமையின், அதுவும் 'நோ' வினையின்பால் வந்து சேர்ந்தது.

'விட்டன்' மறைந்ததற்கு அதன் ஒழுங்கற்ற வடிவங்களும் ஒரு காரணமாதல் கூடும். நிகழ்காலத்தில் 'வாட்' எனவும் இறந்தகாலத்தில் 'விஸ்ட்' எனவும் வந்த அவ்வடிவங்கள் பிற வினைகளின் வாய்பாட்டிற்கு இயைந்தன அல்ல. ஆயினும் அவை விரைந்து மறைந்தில. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இவ்விரு வடிவங்களும் சார்பு வாக்கியத்தை ஏற்று வருதலைக் காணலாம். இன்று 'சான்று', 'ஞானம்', 'அறியாது செய்த' எனப் பொருள்படும் 'விட்னஸ்', 'விஸ்டம்', 'அன்விட்டிங்' முதலிய சொற்களில் அவ்வேர் வாழ்கின்றது. செருமானிய மொழியோ 'விஸ்ஸன்', 'கென்னன்' என்னும் இரண்டையும் இன்றும் பிரித்தே வழங்குகின்றது. பிரெஞ்சு மொழியும் இப்பிரிவினைப் போற்றுகின்றது.

விகுதி தேய்ந்தபின், செய்தி மெய்யென்பதைக் காட்டும் பொறுப்பு யாண்டுச் சென்றது? பெரும்பகுதி தலைமை வினையின் சொற்பொருளையே சார்ந்தது என்பது எம் கருத்து. 'அரசன் இறந்தான் என்று அவன் எண்ணினான்' என்னும் பொருள்படும் ஆங்கில வாக்கியத்தில் இறப்பு நிகழ்ந்ததோ இல்லையோ என்பது புலனாவதில்லை. எண்ணுதல் வினையை நீக்கி 'நோ' வினையைப் பெய்தால், இறப்பு நிகழ்ந்ததேயாம். அதனை எதிர்மறையாக்கி, 'அவன் அறிந்திலன்' என்றாலும் இறப்பு மறுக்கப்படுவதில்லை; வினாவாக்கி, 'அவன் அறிவானோ' என்றாலும் அஃது ஐயத்திற்குள்ளாவதில்லை. மறுப்பும் வினாவும் தலைமை வாக்கியத்தளவில் நின்றுவிடுகின்றன. சார்பு வாக்கியத்தின் செய்தி மெய்யென முன்னரே கொள்ளப்படும் இவ்வியல்பினைப் பால் கிபார்ஸ்கி, கேரல் கிபார்ஸ்கி ஆகிய இருவரும் 1970ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தனர்.

இவ்வியல்பினின்று ஓர் இலக்கண விளைவும் தோன்றுகின்றது. 'அவன் வந்தான் என்பதை யான் அறியேன்' எனத் தன்மையிடத்து நிகழ்காலத்தில் 'தட்' இட்டுக் கூறின், வருகையை மெய்யெனக் கொண்டு உடனே அதனை அறியேன் எனல் முரணாகும். ஆதலின், உண்மையில் அறியாதார் ஆங்கிலத்தில் 'வெதர்' அல்லது 'இஃப்' இட்டு, 'வந்தானோ இலனோ அறியேன்' என்னும் பொருள்படக் கூறுவர். 'தட்' இட்டே கூறுவாராயின், அது பெரும்பாலும் அறியாமையைக் குறியாது, 'அங்ஙனம் ஒப்புதற்கில்லை' என்னும் மென்மையான மறுப்பாய் முடியும். எண்ணுதல், நம்புதல் வினைகள் 'வெதர்' ஏற்பது இயல்பன்று. 'நோ' வினையோ இருவகைச் சார்பு வாக்கியங்களையும் ஏற்கும். இஃது அறிதல் வினையின் தனிச்சிறப்பு.

அறிதல் வினை தலைமை நீங்கித் தானே சார்பு வாக்கியத்துட் புகுதலும் உண்டு. 'நீவிர் அறிந்தவாறு', 'யான் அறிந்த அளவில்' என்னும் பொருளன இத்தகையன. இங்கே செய்தி தலைமை வாக்கியமாகிவிட, அறிதல் வினை அதன்மேல் இடும் முத்திரை போல நிற்கின்றது. 'நீவிர் அறிந்தவாறு' என்பது கேட்போரின் உடன்பாட்டை வேண்டுகின்றது. 'யான் அறிந்த அளவில்' என்பது கூறுவோரின் பொறுப்பைக் குறைக்கின்றது. ஒரே வினை ஓரிடத்து உறுதியைக் கூட்டவும் மற்றோரிடத்துக் குறைக்கவும் பயன்படுதல் காண்க. இடைப்பிறவரலாய் வரும் இத்தகைய வினைகளைப் பற்றி அர்ம்சன் என்னும் மெய்யியலறிஞர் 1952ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இன்றும் கற்கத்தக்கது.

இவ்வாராய்ச்சியாற் பெறும் பயன் யாது? தமிழும் 'தெரியும்' என்னும் ஒரு சொல்லையே மூன்றிடத்தும் வழங்குகின்றது: 'எனக்கு அவரைத் தெரியும்', 'அவர் வந்தது தெரியும்', 'நீந்தத் தெரியும்'. ஆயின் செய்தியை ஏற்குமிடத்துத் தமிழில் இரு வழிகள் உள. 'அரசன் இறந்ததை அவன் அறியான்' என்று தொழிற்பெயராற் கூறின், இறப்பு மெய்யென நிலைபெறுகின்றது. 'அரசன் இறந்தான் என்று அவன் அறியான்' எனின், அவ்வுறுதி சற்றுத் தளர்கின்றது. 'தட்' வருமிடமெல்லாம் 'என்று' எனப் பெயர்த்துச் செல்லும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

ஆவணங்களில் இதன் விளைவு சிறிதன்று. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பு, 19ஆம் கட்டளையின் 3ஆம் விதியில், பிரமாணப் பத்திரம் அளிப்பவர் தம் சொந்த அறிவால் மெய்ப்பிக்கக்கூடிய செய்திகளையே அதன்கண் கூறவேண்டும் என்றும், இடைக்கால மனுக்களில் மட்டும், அடிப்படையைக் காட்டி, நம்பிக்கையளவிலான கூற்றுகளையும் ஏற்கலாம் என்றும் வரையறுக்கின்றது. அறிவும் நம்பிக்கையும் ஈண்டுச் சட்டத்தின் இரு கூறுகள். மொழிபெயர்ப்பாளர் ஒன்றிற்கு மற்றொன்றை இடுவாராயின், பிரமாணம் செய்தவர் தாம் ஏலாத பொறுப்பை ஏற்றவராவர். அன்றி ஏற்ற பொறுப்பினின்று நழுவியவராவர்.

விகுதி காட்டிய வேறுபாட்டை விகுதி தேய்ந்தபின் வினையும் இணைப்புச்சொல்லும் தாங்கி நிற்பதே இவ்வரலாற்றால் நாம் அறிவது. ஒரு மொழியின் வடிவம் தேய்தல் கொண்டே அதன் பொருள்நுட்பமும் தேய்ந்தது எனல் பொருந்தாது. அந்நுட்பம் எவ்விடத்தில் குடிபுகுந்துள்ளது எனத் தேடிக் காண்டலே ஆராய்வார் கடன். கண்டதைத் தம் மொழியில் அதற்குரிய வடிவத்தில் வைத்தலே பெயர்ப்பார் கடன்.