நன்னீர் இறால்: தோலுரிப்புக் கோளாறுகள்

உடலோடு சேர்ந்து வளரும் இயல்பற்ற தம் புறவோட்டைக் கண்ணாடித் தொட்டியில் வாழும் நன்னீர் இறால்கள் காலந்தோறும் கழற்றிப் புதியது பூணுகையில் நேரும் இடையூறுகள் இப்பெயரால் குறிக்கப்படும். நியோகாரிடினா டேவிடி என்னும் விஞ்ஞானப் பெயருடைய செர்ரி இறாலை வளர்ப்போர் இவற்றை அடிக்கடி காண்பர்.

கண்காம்பிலுள்ள சுரப்பியின் தடை நீங்க, எக்டிஸ்டீராய்டு என்னும் ஹார்மோன் இரத்தத்தில் மிகுந்து, பழைய ஓட்டின் கீழ்ப் புதிய மெல்லோடு உருவானபின், முதுகில் தலைமார்பும் வயிறும் கூடுமிடத்தில் பிளவு தோன்ற, அதன் வழியே இறால் ஒரே துள்ளலில் வெளிவருவதே சுபாவமான கிரமம். அப்பிளவு உடலைச் சுற்றி வெண்ணிற வளையமாகப் படர்ந்தும் ஓடு கழலாதிருப்பின், பிராணி பெரும்பாலும் மரணமடையும்.

நீரில் கால்சியமும் மக்னீசியமும் குறைதல், ஒரேயடியாக மிகுந்த நீரை மாற்றுவதால் உஷ்ணமும் உப்புகளின் அளவும் திடீரென மாறுதல், போஷாக்குக் குறைவு ஆகியவை முக்கிய காரணங்களாகக் கருதப்படுகின்றன.

செர்ரி இறாலுக்கு நீரின் மொத்தக் கடினத்தன்மை ஜெர்மன் அளவையில் ஏறத்தாழ 6 முதல் 8 பாகைவரை இருப்பது உசிதம். ஒரு பாகை, லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமாகும். நீரைச் சிறிது சிறிதாகவே மாற்றுதலும், ஓடு இறுகும்வரை இறால் மறைந்திருக்கப் பாசியும் செடிகளும் வைத்தலும் நலம். கழன்ற ஓட்டைத் தாதுச்சத்தின் பொருட்டு இறால்களே தின்னுமாதலால், அதனைத் தொட்டியிலிருந்து அகற்றலாகாது.