நோக்கியா ஏன் தோற்றது? - ஒரு கைப்பேசிப் போரின் வரலாறு

ஒரு பொருளில் வசதிகள் அதிகம் இருந்தால் அதுதான் ஜெயிக்கும் என்று நாம் நினைப்போம். ஸ்மார்ட்போன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எப்படி என்று பார்ப்போம்.

தொடக்கம்

முதல் ஸ்மார்ட்போன் என்று பலரும் சொல்வது 1994-ல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன். தொடுதிரை, மின்னஞ்சல், நாட்காட்டி எல்லாம் அதில் உண்டு. ஆனால் பேட்டரி சுமார் ஒரு மணி நேரம்தான் தாங்கியது! சில மாதங்களிலேயே அது சந்தையிலிருந்து மறைந்தது. அடுத்து 1996-ல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வந்தது. கனடாவின் பிளாக்பெர்ரி, குட்டி விசைப்பலகையாலும் உடனுக்குடன் வரும் மின்னஞ்சலாலும் அலுவலகக்காரர்களைக் கட்டிப்போட்டது.

2007: இரண்டு போன்கள்

இந்த ஆண்டுதான் முக்கியம். மார்ச் மாதம் நோக்கியா என்95 கடைக்கு வந்தது. 5 மெகாபிக்சல் கேமரா, வீடியோ பதிவு, 3ஜி, ஜிபிஎஸ், மெமரி கார்டு... எதுவும் பாக்கியில்லை.

ஜூன் 29-ல் ஆப்பிளின் ஐபோன் வந்தது. கேமரா 2 மெகாபிக்சல். வீடியோ எடுக்க முடியாது. 3ஜி இல்லை, ஜிபிஎஸ் இல்லை. எழுதியதை நகலெடுத்து ஒட்டும் வசதிகூட 2009-ல்தான் வந்தது. விலையோ 499 டாலரில் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர், இந்த விலையையும் விசைப்பலகை இல்லாததையும் சொல்லிச் சிரித்தார்.

பட்டியல் போட்டால் என்95-தான் முதல் மதிப்பெண். ஆனால் 74 நாட்களில் 10 லட்சம் ஐபோன்கள் விற்றன!

காரணம் என்ன?

என்95-ல் எல்லாம் இருந்தன, ஆனால் மெனுவுக்குள் மெனுவாகத் தேட வேண்டும். ஐபோனில் விரலால் தள்ளினால் பக்கம் நகர்ந்தது, இரு விரல்களை விரித்தால் படம் பெரிதானது. வசதி இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு. 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறந்தது. வாங்கிய பிறகும் போன் புதிதாகிக்கொண்டே போனது.

எல்லோருக்கும் அந்த விலை கட்டுப்படியாகுமா? அங்கேதான் ஆண்ட்ராய்டு நுழைந்தது. கூகுள் அதைத் தயாரிப்பாளர்களுக்கு இலவசமாகத் தந்தது. 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. பிறகு எல்லா விலையிலும் வந்தன. பிளாக்பெர்ரி அதே ஆண்டு ஸ்டார்ம் என்ற தொடுதிரை போனை விட்டது. திரையையே பொத்தான்போல் அழுத்த வேண்டும். தன் பலமான விசைப்பலகையை விட்டுவிட்டு, அடுத்தவர் பலத்தையும் சரியாகப் பிடிக்காததன் விளைவு, தோல்வி.

நம் ஊரில்...

இந்தப் போர் நம்மையும் தொட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாக இளம்பெண்களுக்கு வேலை தந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டிடம் போனது. வரி வழக்கால் இந்த ஆலை கைமாறவில்லை. மைக்ரோசாஃப்ட் இங்கிருந்து வாங்குவதை நிறுத்தவே, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. சந்தையில் தோற்றது நிர்வாகம், வேலை இழந்தது தொழிலாளர்கள். 2019-ல் அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலை ஐபோன் எக்ஸ்ஆர் தயாரிக்கத் தொடங்கியது என்பது வரலாற்றின் வேடிக்கை!

முடிவாக

பயனர் ஒரே ஆள் அல்ல. ஒருவருக்கு பேட்டரி, ஒருவருக்கு விலை, இன்னொருவருக்கு எளிமை. 2003-ல் வந்த நோக்கியா 1100 ஒரு டார்ச் விளக்கோடு கோடிக்கணக்கில் விற்றதே! மக்களின் தேவையை அன்று அவ்வளவு நன்றாக அறிந்த நிறுவனம், தேவை மாறியதைக் கவனிக்கத் தவறியது. அதற்கான விலையை அது மட்டும் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் வலி.